ரிம்முல ஒட்டியிருந்த அழுக்கு

கால் இடிக்குதா தம்பி? இடிக்கத்தான் செய்யும், சக்கரம்ல. கொஞ்சம் அந்தப் பக்கமா மடக்கி உக்காந்துக்கிடுங்க, சாத்தூர் வந்துட்டா நான் இறங்கிருவேன். மேல வைக்கலாம்தான். ஆனா உருண்டு வந்து யார் தலையிலயாவது விழுந்துச்சுன்னா பேரு எனக்குத்தான். அதுவும் போக, இது சாதாரணச் சக்கரம் இல்ல. மதுரையில மிஷின்ல கொடுத்து சரி பண்ணிக்கிட்டு வர்றேன். பச்சப்பிள்ளைய மாதிரி மடியிலதான் வச்சிட்டுப் போகணும்.

லக்கேஜா? போட்டாச்சு. கண்டக்டர் வேண்டாம் ஐயான்னுதான் சொன்னாரு. நான் விடல, டிக்கெட்டக் கிழிப்பான்னேன். செக்கர் சீனிராஜ்னா இந்த ரூட்ல தெரியாத ஆள் கிடையாது. ரிட்டயர்டு ஆயாச்சு. ஆனா நான் ஏறுனதும் முன்சீட்டுக்காரரு சட்டைப் பையில டிக்கெட்டத் தடவிப் பாத்தாரு, கவனிச்சீங்களா? அதுதான் தம்பி நான் சம்பாதிச்ச சொத்து. கோழிக்கூடைக்கு டிக்கெட் போடலன்னு, கல்யாணத்துக்குப் போன குடும்பத்தையே நள்ளி விலக்குல இறக்கி விட்டவன் நான். தப்புப் பண்ணவன எனக்கு மூஞ்சியப் பாத்தாலே தெரிஞ்சிரும். பஸ்சுல முப்பது பேரு இருந்தாலும் அந்த ஒருத்தன் எங்க உக்காந்திருக்கான்னு சொல்லிருவேன். அது ஒரு கொடுப்பினை.

இந்தச் சக்கரமே அப்படி ஒரு தப்பக் கண்டுபிடிச்சதுல வந்ததுதான். தப்புப் பண்ணது யாருன்னு கேளுங்க. எங்க மாப்பிள்ளை.

பேரு கனகவேலு. ராஜபாளையத்துல நூல் மில்லுல வேலை. நல்ல மனுசன், கெட்டவருன்னு நான் சொல்லல. குடி கிடையாது, பொய் கிடையாது, சத்தமாப் பேசக்கூட மாட்டாரு. சத்தமாப் பேசாத ஆள நம்பக்கூடாதுன்னு எங்க டிப்போவுல சொல்லுவோம். அது வேற கதை. ஆவணியில கல்யாணம். எனக்கு ஒரே மக, தேன்மொழி. மாப்பிள்ளை எதுவும் கேக்கல. வண்டியே வேண்டாம் மாமா, எங்கிட்ட சைக்கிள் இருக்குன்னாரு. சைக்கிள் இருக்காம்! என் மகள சைக்கிள் கேரியர்ல உக்கார வச்சு ராஜபாளையம் முழுக்கச் சுத்துவாராம். நானே போயி, நானே கலர் பாத்து, கருஞ்சிவப்புல பைக் வண்டி வாங்கிக் கொடுத்தேன்.

கொடுத்துட்டா முடிஞ்சுதா? பாக்கணும்ல. ரெண்டாவது தடவை வீட்டுக்கு வந்தப்பவே பாத்தேன், மட்கார்டுல சேறு. என் மனசு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. நான் எதுவும் கேக்கல. மாப்பிள்ளையாச்சே. ரோட்டுல மழையா மாப்பிள்ளைன்னு மட்டும் கேட்டேன். ஆமா மாமான்னாரு. அவ்வளவுதான் பேச்சு.

சரஸ்வதி பூசை வந்துச்சு. வண்டிய இங்க கொண்டாந்துருங்க, நான் வாங்கிக் கொடுத்த வண்டிக்கு என் வீட்டு வாசல்லதான் பூசைன்னு சொல்லிட்டேன். மறுபேச்சு இல்லாம ரெண்டு பேரும் வந்துட்டாங்க. அன்னைக்குக் காலையில வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு நான் உக்காந்தேன் பாருங்க. மாப்பிள்ளை ஓடி வந்தாரு, மாமா நான் கழுவுறேன்னு. நீங்க கழுவுன லட்சணத்தத்தான் பாத்தோமே, நீங்க உள்ள போயி பலகாரம் சாப்பிடுங்கன்னுட்டேன்.

மண்ணெண்ணெய், சோப்புத்தூளு, பழைய பல்லு பிரஷ்சு, எல்லாம் எடுத்துக்கிட்டேன். சுத்தம் சோறு போடும். ஒவ்வொரு கம்பியா, ஒவ்வொரு ஆணியாத் தேச்சேன். முன்சக்கரத்துல ரிம்முக்கு உள்பக்கம் விரல விட்டுப் பாத்தா, கருப்பா, கட்டி கட்டியா, வரிசையா ஒட்டிக்கிட்டு இருக்கு. ரோட்டுத் தாரு. அதுவும் எப்படி, சதுரம் சதுரமா! நம்ம ரோட்டுல எப்படி எப்படியெல்லாம் தாரு ஊத்துறான் பாருங்க. பிரஷ்சுக்கு வரல. ஸ்க்ரூ டிரைவர வச்சு நெம்பினேன். டப்பு டப்புன்னு விழுந்துச்சு. கூட்டி அள்ளி சாக்கடையில போட்டேன். அடுத்த வீட்டு பாலுச்சாமி வந்து பாத்துட்டு, ஷோரூம்ல நின்னப்பக்கூட இந்த மினுமினுப்பு இல்லைன்னாரு. சந்தனம் குங்குமம் வச்சு, மாலை போட்டு, வாழைக்கன்னு கட்டி, நாலு பக்கமும் எலுமிச்சம்பழம் நசுக்கி, தெருவே நின்னு பாத்துச்சு தம்பி.

மறுநா காலையில கிளம்பினாங்க. ஒரு மணி நேரம்கூட ஆகல. வண்டியத் தள்ளிக்கிட்டுத் திரும்பி வர்றாங்க. என் மக முழங்கை பூராம் தோலு வழண்டு ரத்தம். எனக்கு உசுரே இல்ல. என்னன்னு கேட்டா, ஊரத் தாண்டி வேகம் எடுத்ததும் ஹேண்டில் பாரு கையில நிக்காம வெடவெடன்னு ஆடிருக்கு. இவரு மண்ணுல இறக்கி நிறுத்தப் போயி சரிஞ்சிருச்சாம். ஆடத் தெரியாதவ தெருக் கோணல்னாளாம், அந்தக் கதையா வண்டி ஆடுதுன்னு சொல்றாரு. நேத்து வரைக்கும் ஆடல, நான் கழுவி பூசை போட்டுக் கொடுத்தா மட்டும் ஆடுமா? எம் பொண்டாட்டி மாரித்தாய், கண்ணு பட்டிருச்சுன்னு உப்பு மிளகாய் சுத்தப் போயிட்டா. நான் வண்டிய எங்க தெருமுனை இன்னாசிகிட்டத் தள்ளிட்டுப் போனேன்.

இன்னாசி மெக்கானிக். அவன் ஒண்ணும் பெரிசாப் பண்ணல. முன்சக்கரத்தத் தூக்கி நிறுத்தி, கையால ஒரு சுத்துச் சுத்தி விட்டான். சுத்தி, சுத்தி, நின்னுச்சு. காத்தடைக்கிற மூடி கீழ. மறுபடி சுத்தினான். மறுபடியும் மூடி கீழ. எத்தனை தடவை சுத்தினாலும் அந்த இடம்தான் கீழ வந்து நிக்குது. இந்தப் பக்கம் கனம் கூடிப் போச்சு ஐயா, அதுக்கு எதுத்தாப்புல, சக்கரம் ஆடாம இருக்க, சமனுக்கு ஈயத்துண்டு ஒட்டியிருப்பாங்க, அதக் காணோம், யாரோ புடுங்கியிருக்காங்கன்னான்.

யாரோ! எப்படி இருக்கு பாருங்க. நான் வாங்கிக் கொடுத்த வண்டியில, எனக்குத் தெரியாம, ஈயம் காணாமப் போயிருக்கு.

வீட்டுக்கு வந்தேன். மாப்பிள்ளைய முற்றத்துல நிறுத்தி விசாரணைய ஆரம்பிச்சேன். பஸ்சுல எப்படி ஆரம்பிப்பேனோ அப்படித்தான், முதல்ல பொதுவா. வண்டி யார் கையில இருந்துச்சு? எங்க நிறுத்துவீங்க? ராத்திரி பூட்டுவீங்களா? மில்லுல யார் யாரு எடுத்து ஓட்டுவாங்க? மாப்பிள்ளை எல்லாத்துக்கும் பதில் சொன்னாரு. சொல்லிக்கிட்டே குனிஞ்சு ரிம்முக்கு உள்பக்கம் விரல விட்டுத் தடவினாரு. அப்புறம் என் மூஞ்சியப் பாத்தாரு. அப்புறம் தரையப் பாத்தாரு. அடிச்சேன் பாருங்க, குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். மாப்பிள்ளை, உண்மையச் சொல்லுங்கன்னேன்.

"நான்தான் மாமா. தெரியாம எடுத்துட்டேன் போல. விடுங்க."

முடிஞ்சுது! எத்தனை பேரப் பாத்திருப்பேன். தொட்டதும் ஒத்துக்கிட்டாரு. பாலுச்சாமியெல்லாம் வேடிக்கை பாக்குறாரு. எனக்கு ஒரு பக்கம் பெருமைதான், இல்லைன்னு சொன்னா பொய்யி. ஆனா என் மக விட்டாளா? எந்திரிச்சு வந்தா, கட்டுப் போட்ட கையோட.

"அவரு எங்க கழுவுனாரு அப்பா? நேத்து முழுக்க உக்காந்து சுரண்டுனது யாரு?"

இதக் கேக்குறா. பெத்த அப்பனப் பாத்து. நான் பொறுமையாத்தான் சொன்னேன். தாயி, நான் எடுத்தது அழுக்கு. அவரு எடுத்தது ஈயம். ரெண்டையும் போட்டுக் குழப்பாத. ஈயம் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? எங்க வீட்டு அண்டாவுக்கு வருசா வருசம் ஈயம் பூசுவோம். பூசுனதும் உள்ள பாத்தா நெலா மாதிரி இருக்கும். வெள்ளை வெளேர்னு, மூஞ்சி தெரியும். நான் நெம்புனது கன்னங்கரேர்னு தாரு. கருப்பா எங்கயாவது ஈயம் இருக்குமா? நீங்களே சொல்லுங்க. இருக்குமா? ஏன் தம்பி சன்னல் பக்கம் திரும்புறீங்க, வெயில் அடிக்குதா? ஸ்க்ரீன இழுத்து விடுங்க.

இதச் சொன்னதும் அவ அழுதா பாருங்க. மாப்பிள்ளை அவ தோளத் தொட்டு, தேனு, விடு, நான்தான்னு சொல்றேன்லன்னாரு. அது அவளுக்கு இன்னும் கோவம். வண்டிய அங்கயே போட்டுட்டு, பையத் தூக்கிக்கிட்டு, ரெண்டு பேரும் பஸ்சுக்குப் போயிட்டாங்க. போகும்போது வாசல்ல நின்னு சொல்லிட்டுப் போனா. இனிமே இந்தப் படி ஏற மாட்டோம், தலை தீபாவளிக்கும் எங்கள எதிர்பாக்காதீங்கன்னு.

விருதுநகர் தாண்டிருச்சா? தாண்டிருச்சு. சீக்கிரம்தான் வர்றான்.

தலை தீபாவளி தம்பி. கல்யாணம் முடிஞ்ச முதல் தீபாவளி. மகளும் மாப்பிள்ளையும் நம்ம வீட்ல எண்ணெய் தேச்சுக் குளிச்சு, நாம எடுத்துக் கொடுத்த துணியக் கட்டிக்கிட்டு உக்காரணும். அதுக்காகத்தான பொண்ணப் பெக்குறோம். அது இல்லைன்னா ஊரு என்ன சொல்லும்? ஊர விடுங்க, வீட்டுக்குள்ள வருவோம். மாரித்தாய் அன்னையில இருந்து எங்கிட்ட பேசல. சோறு வைப்பா, தண்ணி வைப்பா, வாயத் திறக்க மாட்டா. தீபாவளிக்கு அதிரச மாவு இடிக்கலையான்னு கேட்டேன். மக வராத வீட்ல எண்ணெய்ச் சட்டி எதுக்குன்னு செவுத்தப் பாத்துச் சொன்னா. ராத்திரி எனக்குத் தூக்கம் வரல. அந்த வண்டி வேற வாசல்ல நிக்குது. என் மக முழங்கை ரத்தம்தான் கண்ணுக்குள்ள நிக்குது. எனக்கு அவ இல்லாம முடியல தம்பி, அதுதான் உண்மை. ஆனா ஒரு செக்கரு எப்படிப் போயி மன்னிப்புக் கேப்பான்? எதுக்குக் கேக்கணும்? தப்பு என் மேலயா?

அப்படி இருக்கையில போன வாரம் போன் வருது. மாப்பிள்ளைதான். மாமா, கோவமெல்லாம் ஒண்ணுமில்ல, தேனுவையும் சமாதானம் பண்ணிட்டேன். முன்சக்கரத்த மட்டும் கழட்டி மதுரையில மிஷின் வச்சிருக்கிற கடையில கொடுத்து சமன் பாத்துருங்க. சக்கரம் சரியாயிட்டா நாங்க வர்றோம், தீபாவளி இருந்துட்டு வண்டியிலயே போயிக்கிறோம். அவ அதுல ஏறப் பயப்படுறா மாமா, அது சரியானாத்தான் வருவாங்கிறாரு. ரொம்ப மரியாதையாத்தான் சொன்னாரு. கடைசியில ஒண்ணு சொன்னாரு. வாங்கிட்டு வந்து துடைக்க வேண்டாம் மாமா, அப்படியே வைங்க, நான் பாத்துக்கிறேங்கிறாரு. சோம்பேறித்தனம் எப்படிப் பேசுது பாருங்க. இவரு பாத்துக்கிட்ட லட்சணத்துலதான் சக்கரம் என் மடியில கிடக்குது.

இருந்தாலும் மகளுக்காகப் போனேன். இன்னாசி கழட்டிக் கொடுத்தான். மதுரையில பெரிய கடை, கண்ணாடிக் கதவு. சக்கரத்த ஒரு தண்டுல மாட்டி சுத்த விடுறாங்க, பக்கத்துல டிவி மாதிரி ஒண்ணு, அதுல நம்பர் ஓடுது. எம்புட்டுக் கோணல்னு அதுவே கண்டுபிடிக்குதாம். நம்மள மாதிரி, மூஞ்சியப் பாத்தே சொல்லிரும். கொஞ்ச நேரம் ஆகும் பெரியவரேன்னாங்க. சரின்னு நான் பக்கத்துல போயி மாப்பிள்ளைக்குப் பட்டுக்கரை வேட்டி, மகளுக்குச் சேலை எடுத்துட்டு வந்தேன். வந்து பாத்தா வேலை முடிஞ்சு போச்சு. சுத்திக் காட்டினான். டிவில ரெண்டு முட்டை. சைபர் சைபர். அதுக்கு மேல சமன் கிடையாது பெரியவரேன்னான். மிஷின் எப்படியோ உருவிச் சரி பண்ணிரும் போல.

நான் தூக்கிக்கிட்டு பஸ்சுக்கு நடக்கேன், கடைப் பையன் பின்னாலயே ஓடி வர்றான். ஐயா, ரிம்முக்கு உள்ள ஒட்டியிருக்கிறத, அப்படின்னு என்னமோ ஆரம்பிச்சான். எல்லாம் தெரியும்பா, எனக்கே பாடமான்னு சொல்லிட்டு ஏறிட்டேன். இவனுகளுக்குக் கடைசி நிமிசத்துல எதையாவது விக்கணும்.

ஆமா, உள்ளன்னதும்தான் ஞாபகம் வருது. நிமித்திப் பாப்போம். அட பாவிகளா! இங்க பாருங்க தம்பி. இந்தா, இந்த இடத்துல. பாத்தீங்களா? கருப்பா, கட்டி கட்டியா. நேத்துத்தான் நான் கழுவி வச்சேன். ஒரு காலைப் பொழுது அவங்க கடையில கிடந்துச்சு, அதுக்குள்ள இம்புட்டு. கண்ணாடிக் கதவாம், மிஷினாம். அப்பவே நெனச்சேன், தரையெல்லாம் ஒரே கிரீசு. இருங்க, வீட்டுச் சாவி இருக்கு.

என்ன தம்பி? ஏன் கையப் பிடிக்கிறீங்க? அழுக்கு உங்க மேல படாது, நான் பதமாத்தான் எடுப்பேன். வேண்டாமா? ஏன் வேண்டாம்? நீங்களும் துடைக்க வேண்டாம் கட்சியா? மாப்பிள்ளைக்கு ஏதும் சொந்தமா நீங்க? விடுங்க தம்பி, இப்படியே போயி அவரு கையில கொடுத்தா என்ன நெனைப்பாரு? மாமாவும் நம்மள மாதிரிதான்னு நெனைக்க மாட்டாரு? இந்தச் சக்கரத்த நம்பித்தான என் மக வீட்டுப் படி ஏறணும். அதுல ஒரு பொட்டு அழுக்கு இருக்கலாமா?

வந்துருச்சு பாத்தீங்களா. பசை போட்டு ஒட்டுன மாதிரியே இருக்கு. இது ஒண்ணு. இன்னும் ஒண்ணு. அவ்வளவுதான். இத அந்த சன்னலுக்கு வெளிய போட்டுருங்க, நான் எட்ட முடியாது. பிடிங்க. என்ன, கனமா இருக்கா? தாருன்னா கனமாத்தான் இருக்கும். எதையோ சொல்ல வர்றீங்க, இருங்க, சாத்தூர் வந்துருச்சு.

அட, அந்தா பாருங்க! ஊதாச் சட்டை போட்டு நிக்கிறாரே, அவருதான் மாப்பிள்ளை. பக்கத்துல என் மக. நாளைக்கு வர்றோம்னுதான சொன்னாங்க. பையோட வந்திருக்கா தம்பி. பெரிய பை. தீபாவளி இருக்கத்தான் வந்திருக்கா. என் வயிறு குளுந்து போச்சு. வழிய விடுங்கப்பா, சக்கரம் வருது. டிரைவர் டீ குடிச்சிட்டுத்தான் எடுப்பாரு, நீங்க சன்னல் கிட்டயே இருங்க தம்பி, அவங்களக் காட்டுறேன்.

இந்தா தம்பி, இவருதான். மாப்பிள்ளை, இந்தத் தம்பி மதுரையில இருந்து நம்ம கூடத்தான் வந்தாப்ல, நல்ல பேச்சுத் துணை. இந்தாங்க மாப்பிள்ளை, உங்க சக்கரம். டிவில ரெண்டு முட்டை.

பாத்தீங்களா தம்பி, வாங்குனதும் வாங்காததுமா உள்பக்கம் விரல விடுறாரு. எனக்குத் தெரியும், இதத்தான் பாப்பாருன்னு. தடவுங்க மாப்பிள்ளை, நல்லாத் தடவுங்க, ஒரு பொட்டு இருக்காது. என்னா? சுத்தமா இருக்கு மாமாங்கிறாரு. சிரிக்கிறாரு. முதல் தடவையா நம்மள மெச்சுறாரு தம்பி. என் மக என்ன நெத்தியில கைய வச்சுக்கிட்டு நிக்கிறா? வெயில் ஒத்துக்கல. தாயி, நெழலுக்குப் போ.

என்ன தம்பி, கைய வெளிய நீட்டுறீங்க? அட, அத ஏன் மாப்பிள்ளைகிட்டக் கொடுக்குறீங்க, வெளிய போடுங்கன்னுல்ல சொன்னேன். மாப்பிள்ளை, அது அழுக்கு, கீழ போடுங்க. பாருங்களேன், ரெண்டு கையாலயும் வாங்குறாரு. வாங்கிக் கைக்குட்டையில வச்சு, முடிச்சுப் போட்டு, சட்டைப் பையில வைக்கிறாரு. உங்களுக்கு ஒரு கும்பிடு வேற. தாயி, நீ எதுக்கு இப்பச் சிரிக்கிற?

பஸ்சு எடுக்கப் போறான், வரட்டுமா தம்பி. பாத்துக்கிட்டீங்கள்ல எங்க மாப்பிள்ளைய? ரோட்டுத் தாரக்கூட இம்புட்டுப் பத்திரமா முடிஞ்சு வைக்கிற மனுசன், ஈயத்த மட்டும் தொலைச்சுப்புட்டாரு.